இரண்டரைக் கிலோ

இறால் ஆலையில் எனக்குத் தராசு வேலை.
பெட்டிக்கு இரண்டரைக் கிலோ.
குறைந்தால் சிவப்பு விளக்கு, பட்டை நின்றுவிடும்,
சிசிமியுத்தின் சங்கிலி நாய்கள் எல்லாம்
என்னையே பார்ப்பதுபோல் இருக்கும்.
ஒரு கை இறால் அள்ளிப் போடுவேன்.
பச்சை.
பெட்டி கிளம்பிவிடும்
நான் பார்த்திராத ஊர்களின் தட்டுகளுக்கு.

பதினோராவது வாரம்
மருத்துவச்சி டோர்த்தெ ஒரு கருவியை நீட்டினாள்.
மூச்சை அடக்கு. பதினைந்துவரை எண்ணு.
இனி ஊது, மிச்சம் வைக்காமல்.
அதிலும் விளக்குகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பதினேழு. சிவப்பு.
"இது உன் கணக்கு. உள்ளே இருப்பதற்கு
இதைவிடக் கூடும்" என்றாள்
என் முகத்தைப் பார்க்காமல்.

நான் கெட்டவள் இல்லை, டோர்த்தெ.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.
நவம்பரில் என் தம்பியின் படகு வந்தது,
தம்பி வரவில்லை.
படகில் கிடந்த அவன் சட்டைப்பையில்
நான்கு சிகரெட் இருந்தன, நனையாமல்.
எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு:
போனவரின் பெயரை வருகிறவருக்கு வைப்போம்,
பெயரோடு ஆளும் கொஞ்சம் திரும்பி வருவார்.
ஆகவே வயிற்றில் இருந்தவன்
முளைவிடும் முன்பே சாலிக்.

இடைவேளைகளில் ஆலைக்குப் பின்னால் நிற்போம்,
நான்கு பெண்கள், ஒரு லைட்டர்,
விரிகுடாக் காற்றுக்கு முதுகு காட்டி.
விரலில் ஏறிய இறால் வாடை
புகைக்கு மட்டும்தான் அடங்கும்.
ஒருநாள் அவன் உதைத்தான், பலமாக.
கரோலினெ சிரித்தாள்:
"சாலிக் தன் பங்கைக் கேட்கிறான் பார்."
நானும் சிரித்தேன்.
பற்றவைத்தேன்.
அடங்கினான்.

அதன்பிறகு அப்படித்தான்.
உதைப்பான், கொடுப்பேன், அடங்குவான்.
கடைசி இழுப்பை எனக்கென்று வைக்கும்
பழைய சாலிக்கேதான் என்று நம்பினேன்.
ஆறாம் மாதம், திரையில் அவன் சாம்பல் நிறத்தில் மிதக்க,
இதை ஒரு வேடிக்கைபோல டோர்த்தெயிடம் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
"தூங்கவில்லை அவன்.
உள்ளேயே மூச்சுவிடப் பழகுவார்கள் குழந்தைகள்,
காற்றில்லாமல், நெஞ்சை மட்டும் அசைத்து.
நீ புகைத்தால்
அந்தப் பழக்கத்தைக் கொஞ்சநேரம் நிறுத்திவிடுகிறான்."

அன்றிலிருந்து நாளுக்கு ஐந்து.
பிறகு இரண்டு.
பிறகு ஒன்றுமில்லை, பத்தொன்பது நாள்.
பிறகு ஒரு புயல் இரவு, மின்சாரம் போய்,
மாலிக் கடலில் இருக்க,
தம்பியின் நான்கையும்
ஒன்றன்பின் ஒன்றாக.

முப்பத்தெட்டாம் வாரம் வந்தான்.
நஞ்சுக்கொடியை டேனிஷ்காரர்கள் 'தாய்க்கேக்' என்பார்கள்.
என்னுடையதை டோர்த்தெ திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
சிறிதாக இருந்தது.
அங்கங்கே சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளை.
இதைத்தான் அவனுக்கு ஊட்டியிருக்கிறேன்.

தராசில் கிடத்தினார்கள்.
இரண்டாயிரத்து நூற்று எண்பது.
அந்தத் தராசில் விளக்கு கிடையாது.
ஆனாலும் என் வலது கை
தானாக எழுந்தது,
விரல்கள் குவிந்தன,
ஒரு கை, ஒரே ஒரு கை அள்ளிப் போட.
அந்த அறையில் அள்ள எதுவும் இல்லை.
கை அப்படியே நின்றது.
யாரோ அதைப் பிடித்து இறக்கி, போர்வைக்குள் வைத்தார்கள்.

பெயர் கேட்டார்கள். சாலிக் என்றேன்.
அவன் வாயைத் திறந்தான், அழுதான்,
மெல்லிய குரல், பூனைக்குட்டி அளவு.
அதுவரை அவன் என்னிடம்
எதையும் கேட்டிருக்கவில்லை என்று
அப்போது புரிந்தது.
இது முதல்.
கேட்டது பால்.

மாலிக் வெளியே புகைத்துவிட்டு வந்தான்.
சட்டையைக் கழற்று என்றேன். கை கழுவு.
ஏன் என்று கேட்பவன், எப்போதும் கேட்பவன்,
சட்டையைக் கழற்றி வாசலுக்கு வெளியே மாட்டினான்,
பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது பாகையில்.
விடியும்போது அது
ஆள் நிற்பதுபோல் விறைத்திருந்தது.
ஒருவரும் உள்ளே எடுத்துவரவில்லை.